போகும்போது பார்த்தவர்கள்

ஆலங்குடா வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. சாமான்களை வெளியே எடுத்தபோது உம்மாவின் மரப் பெட்டகத்துக்குள், பூச்சி உருண்டை வாசம் ஊறிய சேலைகளுக்கு அடியில், ஒரு சீ.ஆர். கொப்பி அகப்பட்டது. மட்டையில் 'சமூகக்கல்வி' என்று எழுதியிருந்தது. உள்ளே சமூகமும் இல்லை, கல்வியும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஆகாய விமானங்கள். பென்சிலால் கீறி, அழிறப்பரால் அழித்து, மறுபடி கீறியவை. பாதிப் பக்கங்கள் பிளேட்டால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன.

ஒரு பக்கத்தைப் படமெடுத்து, புத்தளத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் வந்தது.

"இது கிபிர். மூக்கைக் கட்டையாக் கீறிப்போட்டாய். நான் அப்பவே சொன்னனான்."

முப்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. அந்த மூக்குச் சண்டை எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

கற்பிட்டிக் குடாநாடு ஒடுங்கிய நீண்ட மணல்நிலம். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளக் களப்பு. மலையோ மேடோ கிடையாது. தென்னந்தோப்பைத் தாண்டிவிட்டால் வெங்காயப் பாத்தியும் மிளகாய்ப் பாத்தியும்தான். ஆகையால் எங்கள் ஊரில் வானத்துக்குக் குறைவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து வடக்கே போகும் போர்விமானங்கள் பல நேரம் கரையோரமாகவே போகும். போதாததற்குக் கற்பிட்டிப் பக்கத்தில் விமானப்படையின் சுடுகளம் ஒன்றும் இருந்தது. அங்கே வெறும் மணலில் நட்ட இலக்குகளை நோக்கி விமானங்கள் சரிந்து இறங்கிச் சுட்டுப் பழகும். அந்த நாட்களில் அந்தப் பக்கத்துக் கடலுக்கு வலை கொண்டு போகவேண்டாம் என்று மீனவர்களுக்குள் தகவல் பரவிவிடும். பெரியவர்களுக்கு அது தொழில் கெட்ட நாள். எங்களுக்கு அது பெருநாள்.

கிபிர் வருவதற்கு முன்பே எங்களுக்கு விமானப் பைத்தியம் பிடித்திருந்தது. சீனாவிலிருந்து வந்த எஃப்-7 மூக்கிலேயே வாய் திறந்த சின்ன உருளை. ஆர்ஜென்டீனாவின் புக்காரா இரண்டு காற்றாடியோடு உறுமிக்கொண்டு தாழப் போகும். ஹெலியை ஆறு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 1996இன் தொடக்கத்தில் கட்டுநாயக்காவில் 10ஆம் இலக்கப் படையணி அமைக்கப்பட்டு இஸ்ரேலிலிருந்து கிபிர்கள் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு மற்றவை எல்லாம் எங்களுக்குப் பழசாகிவிட்டன.

முதலில் அதைக் கேட்டது மத்தியானம் இறைப்பு நேரத்தில். மாமா மோட்டரை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். புதுப் புடவைத் துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல ஒரு சத்தம். சத்தம் வந்த இடத்தில் விமானம் இல்லை. வெறும் வானம்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் தலைக்கு மேலே தேடிக்கொண்டிருக்க, ஒருவன் மட்டும் வடக்கே வெகுதூரத்தில் கையைக் காட்டினான். கறுத்த புகைக்கோடு ஒன்று நீண்டு போய்க்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு முக்கோணம்.

கையைக் காட்டியவன் பாத்திக்குள் குப்புறப் படுத்திருந்தான். முகமெல்லாம் சேறு. நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. எழும்பி முழங்காலைத் தட்டிவிட்டு, "சத்தம் கேக்கிற இடத்தில பாக்கக்கூடாது. சத்தம் வரேக்க அவன் போயிருப்பான்" என்றான்.

அவன்தான் இன்றைக்கு இரும்புக்கடை முதலாளி. அன்றைக்கு அகதி முகாம் பொடியன். சொந்த ஊர் யாழ்ப்பாணம் சோனகத்தெரு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, அங்கிருந்த முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்கு வந்தது. எங்கள் தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழும்பின. ஊர்ப் பெண்கள் அண்டாவில் சோறாக்கிக் கொண்டுபோன நாட்கள் எனக்கு மங்கலாக ஞாபகம். பிறகு கிணற்றடியிலும் பாடசாலையிலும் கூலிவேலையிலும் உரசல்கள் வந்ததும் ஞாபகம். நாங்கள் பிள்ளைகள் அவனை 'யாழ்ப்பாணத்தான்' என்றே கூப்பிட்டோம். அவனும் அந்தப் பெயருக்கே 'ஏன்' கேட்டான்.

வெளியேற்றத்துக்கு முன்பு, அதே வருடம், யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில் அவன் தலைக்கு மேலே விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. சியாமாசெட்டி விமானம் சரிந்து வந்தால் என்ன செய்ய வேண்டும், பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும் சகடை வட்டமடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஹெலி ஒரே இடத்தில் நின்றால் எந்தச் சுவரோடு ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் ஏழு வயதிலேயே அவனுக்குப் பாடம். எங்களுக்கு விளையாட்டாயிருந்ததில் அவன் ஏற்கனவே பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தான். ஆகையால் எங்கள் கூட்டத்துக்கு அவனே வாத்தியார் ஆனான்.

அவன் சொன்னது சரி என்பதைப் பின்னால் விஞ்ஞான பாடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒலி ஒரு வினாடிக்கு சுமார் 340 மீற்றர் போகும். மூன்று கிலோமீற்றர் உயரத்தில் ஒரு ஜெட் போனால் சத்தம் எங்கள் காதுக்கு வர ஒன்பது வினாடி. அதற்குள் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும் விமானம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் தாண்டிவிடும். கரும்பலகையில் இந்தக் கணக்கை ஆசிரியர் பாராட்டினார். யாழ்ப்பாணத்தான் ஒன்றும் பேசாமல் இருந்தான். அவனுக்கு அது கணக்காகத் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விமானங்கள் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல என்று உம்மாவின் வாப்பா சொல்லுவார். அவரை நாங்கள் அப்பா என்போம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்குப் புத்தளத்தில் ஒரு விமானத்தளம் இருந்தது. 'எச்.எம்.எஸ். ராஜாலிய' என்று அதற்கு ஒரு கப்பலின் மரியாதையோடு பெயர் வைத்திருந்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பிறகு தீவெங்கும் ஓடுபாதைகள் முளைத்த காலம் அது. மழையில் சேறாகிவிட்ட தரையில் கோர்சேயார் விமானங்கள் புதையும். அவற்றை இழுத்தெடுக்க யானைகளைக் கொண்டுவந்தார்கள். யானை விமானம் இழுக்கும் படம் இன்றும் இலண்டனிலுள்ள போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அப்பா அதைப் பார்த்தவர் அல்ல, பார்த்தவரிடம் கேட்டவர். ஆனால் சொல்லும்போது தானே யானையின் காதைப் பிடித்து நடத்தியவர் என்ற தோரணையில் சொல்லுவார். "வெள்ளைக்காரன்ட மெசினை எங்கட யானைதான் இழுத்திச்சு" என்பது அவருடைய முடிவுரை. இப்போது பாலாவியில் விமானப்படை முகாம் இருக்கிறது.

சுடுகளத்தில் பயிற்சி நடக்கும் நாட்களில் நாங்கள் தோப்பின் மேற்கு எல்லைக்குப் போய்விடுவோம். கிபிர் தனியாக வருவது குறைவு, பெரும்பாலும் சோடியாக வரும். மேலே ஒரு வட்டம். பிறகு முதலாவது ஒரு பக்கமாகச் சரியும். முக்கோணச் சிறகின் அடிப்பகுதி முழுசாகத் தெரியும் அந்தக் கணத்தில்தான் எங்களுக்குள் கூச்சல் எழும்பும். இறங்கும்போது சத்தம் அவ்வளவு இல்லை. அடியிலிருந்து மேலே எழும்பும்போதுதான் கிழியும். தேங்காய்க் குரும்பட்டி உதிரும் என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் உதிர்ந்ததா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தோப்பில் மேயும் கழுதைகள் மட்டும் காதை ஒருமுறை திருப்பிவிட்டு மறுபடி குனிந்துகொள்ளும். கற்பிட்டிக் கழுதைகளுக்கு எதுவும் புதினமில்லை.

அப்படித்தான் அந்தக் கொப்பி தொடங்கியது. ஒரு பக்கம் படம், மறு பக்கம் குறிப்பு. எந்த விமானம், எத்தனை, எந்தத் திசை, எத்தனை மணிக்கு, திரும்பி எத்தனை வந்தன. படம் என் வேலை. குறிப்பு யாழ்ப்பாணத்தானின் வேலை. அவனுடைய கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தினகரனிலோ வீரகேசரியிலோ விமானப் படம் வந்தால் கடைக்காரரிடம் கெஞ்சி, சாமான் சுற்றுவதற்கு முன் வெட்டி வாங்குவோம்.

ஒரு நாள் இரவு வாப்பா அந்தக் கொப்பியைக் கண்டார். அவர் அடிக்கிற மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, விளக்கைக் கிட்ட இழுத்து, பக்கம் பக்கமாகப் பார்த்தார். அவருடைய கை நடுங்கியதை அன்றுதான் கண்டேன்.

"நேரம் எழுதி வச்சிரிக்கிறீங்க. திசை எழுதி வச்சிரிக்கிறீங்க. இத எவனாவது கண்டா நீ சின்னப் பிள்ளைண்டு விடுவானா? அந்தப் பொடியன்ட பேரையும் எழுதி, ஊர் யாழ்ப்பாணம்டும் எழுதி வச்சிரிக்கிறாயே வாப்பா."

பிளேட்டை எடுத்து, குறிப்பெழுதிய பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினார். அடுப்புக்குள் போட்டார். மிச்சத்தையும் போடப்போனபோது உம்மாதான், "படம்தானே, பிள்ளை கஷ்டப்பட்டுக் கீறினது" என்று பறித்து எங்கோ ஒளித்துவைத்தார். எங்கே என்று கேட்டால் இரண்டு பேரிடமும் ஏச்சு விழும் என்பதால் நான் கேட்கவேயில்லை.

வாப்பாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் நடைமுறையில் இருந்த நாடு. தமிழ் பேசும் ஒருவனின் பையில் விமானங்களின் நேரமும் திசையும் எழுதிய கொப்பி இருந்தால், அதைப் பொழுதுபோக்கு என்று எந்தச் சோதனைச் சாவடியில் விளக்குவது? பிற்காலத்தில் இங்கிலாந்துக்காரர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. விமானத்தளத்தின் வேலிக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியும் தொலைநோக்கியுமாக, வால் இலக்கங்களைக் கொப்பியில் எழுதுவது அங்கே ஓய்வுநாள் வழக்கம். அவர்களுக்கும் ஒருமுறை பாடம் கிடைத்தது. 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாத்தா விமானத்தளத்தில் பன்னிரண்டு பிரித்தானியர்களும் இரண்டு டச்சுக்காரர்களும் இப்படி எழுதப்போய் உளவாளிகள் என்று பிடிபட்டார்கள். அடுத்த ஆண்டு தண்டனையும் விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில்தான் விடுதலையானார்கள். இதை நான் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தியா" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

கொப்பி போனபிறகும் பைத்தியம் போகவில்லை. கொழும்பில் படிக்கப் போன காலத்தில் புத்தளம் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலுக்காகவே முந்தி ஏறுவேன். கட்டுநாயக்கா அந்தப் பக்கம். ஊருக்குத் திரும்பும்போது வலது பக்கம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கிபிர் இறங்குவது தெரியும். வால் பக்கத்திலிருந்து ஒரு குடை விரிந்து வேகத்தை இழுத்துப் பிடிக்கும். அந்தச் சிறகோடு மெதுவாகத் தரையிறங்க முடியாது, அதனால்தான் குடை. பக்கத்திலிருப்பவர்கள் பார்க்காத மாதிரிப் பார்க்கப் பழகியிருந்தேன். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பும் வித்தை அது.

மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில்தான் கிபிரின் வம்சவரலாறு எனக்குக் கிடைத்தது. அதன் உடம்பு பிரெஞ்சுக்காரரின் மிராஜ் 5. 1967 போரை ஒட்டி இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதை ஜனாதிபதி டி கோல் நிறுத்தினார். காசு கட்டிய மிராஜ்கள் பிரான்சிலேயே நின்றுவிட்டன. இஸ்ரேல் தானே செய்யத் துணிந்தது. சுவிற்சர்லாந்தில் மிராஜ் இயந்திரம் செய்த நிறுவனத்தில் வேலைபார்த்த அல்பிரெட் ஃப்ரௌயன்க்னெக்ட் என்ற பொறியியலாளர் அதன் வரைபடங்களைப் பெட்டி பெட்டியாக இஸ்ரேலுக்குக் கடத்தி, 1971இல் சிறைத்தண்டனை பெற்றார். பிறகு இஸ்ரேலியர்கள் அந்த உடம்புக்குள் அமெரிக்காவின் ஜே-79 இயந்திரத்தைப் பொருத்தினார்கள். ஃபான்டம் விமானத்தின் அதே இயந்திரம். புகை கக்குவதில் பேர்போனது. எங்கள் வானத்தில் யாழ்ப்பாணத்தான் கைகாட்டிய கறுப்புக் கோடு அதுதான். கிபிர் 1973இல் முதன்முதல் பறந்தது. மூக்குக்குப் பின்னால் இருந்த குட்டிச் சிறகுகள் அடுத்த வடிவத்தில் சேர்ந்தவை. எண்பதுகளில் அமெரிக்கக் கடற்படையும் மரைன் படையுமே 25 கிபிர்களை வாடகைக்கு எடுத்துத் தம் விமானிகளுக்கு எதிரி வேடம் போடவைத்தன. கொலம்பியாவும் எக்குவடோரும் வாங்கின.

இத்தனையும் நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். யாழ்ப்பாணத்தான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி, எங்க போட்டதெண்டு அந்தப் புத்தகத்தில இல்லையா?" என்பான்.

2001 ஜூலை 24 விடியற்காலையில் புலிகள் கட்டுநாயக்காவுக்குள் புகுந்தார்கள். கிபிர்களும் ஒரு மிக்-27உம் பயிற்சி ஜெட்களும் எரிந்தன. பக்கத்தில் நின்ற பயணிகள் விமானங்களும் எரிந்தன. அடுத்த வருடம் போர்நிறுத்தம் வந்தது. எங்கள் வானம் வெறுமையானது. வலைக்காரருக்கு அது நல்ல காலம். எனக்குள் ஏதோ ஒன்று ஏமாந்துபோனதென்றும் சொல்லவேண்டும், மறைப்பானேன்.

2006இல் சண்டை மறுபடி மூண்டது. இப்போது நான் வேலைபார்க்கிற ஆள். தோப்புக்கு ஓடுவதில்லை. ஆனாலும் காது தானாகவே எண்ணும். நாலு போனது, நாலு வந்தது. அந்த ஓகஸ்ட் 14ஆம் திகதி முல்லைத்தீவின் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பாடசாலை மாணவிகள். அது புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். 2007 ஜனவரி 2ஆம் திகதி மன்னார் கரையில் இலுப்பைக்கடவைக்குப் பக்கத்திலுள்ள படகுத்துறையில் குண்டு விழுந்தது. இடம்பெயர்ந்து வந்து குடிசை போட்டிருந்த மீனவர் குடியிருப்பு. குழந்தைகள் உட்பட சுமார் 15 பேர் இறந்தார்கள். கடற்புலிகளின் தளம் என்றது அரசாங்கம். நேரில் போய்ப் பார்த்த மன்னார் ஆயர் இராயப்பு யோசப், இறந்தவர்கள் பொதுமக்கள் என்று சொன்னார்.

படகுத்துறையும் எங்கள் கடல்தான். கரையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் வரும். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். ஆலங்குடாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீற்றர். 900 கிலோமீற்றர் வேகத்துக்கு எட்டு நிமிடம். பழைய விஞ்ஞானக் கணக்கின் அடுத்த வரி அது. நாங்கள் கூச்சலிட்டு முடித்து, மூக்கு கட்டையா நீளமா என்று சண்டைபிடித்து, கொப்பியைத் திறந்து நேரத்தை எழுதும் அவ்வளவு நேரம்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பின் ஓகஸ்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழா. அந்தக் கோயிலுக்கு எல்லா ஊரிலிருந்தும் எல்லாச் சனமும் வரும். சுற்றியுள்ள தோப்புகளில் கொட்டில் போட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். எங்கள் மாமாவின் காணியிலும் கிணறு இருந்ததால் கூட்டம். மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஏதோ பயிற்சி ஜெட் ஒன்று கடற்பக்கமாகப் போனது. அவர் கத்தியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளையின் தலையைப் பிடித்துக் கீழே அமத்தினார். பிள்ளை சிணுங்கியது. அதற்கு அந்தப் பழக்கம் இல்லை. போருக்குப் பிறகு பிறந்தது.

"கே-8 அம்மா, பயிற்சி விமானம். ஒண்டும் செய்யாது" என்றேன். என் பழைய அறிவு முந்திக்கொண்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சத்தத்த வச்சே சொல்லுறீங்களே தம்பி, நேவியா, ஏயர்போசா?"

"இல்ல அம்மா. சின்ன வயசில பாத்துப் பழக்கம். கிபிர் இந்த வழியாத்தான் போகும்."

கொஞ்ச நேரம் மீனைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். பிறகு சொன்னார். அவர்கள் பக்கத்திலும் பிள்ளைகள் அடையாளம் சொல்லுவார்களாம். முதலில் வண்டு மாதிரி ஆளில்லா விமானம் சுற்றும். அது வந்த மறுநாள் சமையலை விடியவே முடித்துவிடுவார்கள். கிபிர் முதல் சுற்றில் போடாது, பார்த்துவிட்டுப் போகும். இரண்டாவது தரம் சரிவது தெரிந்தால் பங்கருக்குள் இறங்கிவிட வேண்டும். குண்டு கழன்றது கண்ணுக்குத் தெரிந்தால், அது நேராக இறங்குகிறதா விலகிப் போகிறதா என்று பார்த்துத் திசை மாறி ஓடுவதற்கும் நேரம் இருக்குமாம். சிறகு முழுசாகத் தெரிகிற மாதிரிச் சரிந்தால் தங்களுக்கு இல்லை, பக்கத்து ஊருக்கு. மூக்கு மட்டும் தெரிந்தால் தங்களுக்கு.

தோப்பின் எல்லையில் நின்று நாங்கள் கூச்சலிட்ட அதே கணத்தைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், மறுபக்கத்திலிருந்து.

"நீங்க போகக்க பாத்திருக்கிறீங்க தம்பி. நாங்க வரக்க பாத்தம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் எங்கே, பாதை எது என்று விசாரிக்கிற அதே குரல். பிறகு எனக்கும் ஒரு துண்டு பொரித்த மீன் கொடுத்தார்.

2011 மார்ச் 1ஆம் திகதி, விமானப்படையின் அறுபதாவது ஆண்டு நிறைவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர்கள் யக்கலப் பக்கத்து வானத்தில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. ஒரு விமானி இறந்தார். யாழ்ப்பாணத்தான் அன்று கடையைப் பூட்டிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தான். "பொடியனுக்கு என்ன வயசாம்?" என்று மட்டும் கேட்டான்.

இன்றைக்கு எங்கள் வானம் வேறு. நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது. மாம்புரிப் பக்கம் காற்றாலைகள். கண்டக்குழிக் கரையில் வெள்ளைக்காரர் காற்றாடியைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் வழுக்குகிறார்கள். நாங்கள் முக்கோணத்தைத் தேடிய இடத்தில் சிவப்பும் பச்சையுமாகக் காற்றாடிகள். என் மகன் தலைக்கு மேலே போகும் பயணிகள் விமானம் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த உயரம் என்பதையெல்லாம் தொலைபேசியில் பார்த்துச் சொல்லிவிடுகிறான். என் வாப்பா அடுப்பில் போட்ட அத்தனை விபரமும் இப்போது இலவசம்.

2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தோடு சுமார் 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருடம் நாடே வங்குரோத்தானது. மண்ணெண்ணெய்க்குக் கானோடு வரிசையில் நின்றார்கள் கற்பிட்டி மீனவர்கள். படகு இயந்திரத்துக்கும் ஜெட் இயந்திரத்துக்கும் ஊற்றுவது ஏறக்குறைய ஒரே வகை எண்ணெய்தான் என்று அந்த வரிசையில் நின்ற ஒரு நானாவுக்கு நான் சொன்னபோது, "அப்ப அவனையும் வரிசையில வரச்சொல்லு" என்றார். புதிய கருவி எதைப் பொருத்தினாலும் உடம்பு பழையது. உலகத்தில் கிபிர் பறக்கும் நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கொலம்பியாவும் தன் கிபிர்களுக்குப் பதிலாக 2025இல் சுவீடனின் கிரிபெனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பிரியாவிடை தூரத்தில் இல்லை.

2025 செப்டெம்பர் 26ஆம் திகதி சண்டிகாரில் இந்தியா தன் மிக்-21களுக்கு விடைகொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1963இல் அதே ஊரில் சேவைக்கு வந்த விமானம். இறங்கியபோது இரு பக்கமிருந்தும் தண்ணீர் பீய்ச்சி வரவேற்றார்கள். ஓய்வுபெற்ற விமானிகள் அதன் உடம்பைத் தடவிக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் அதற்குப் பலிகொடுத்த நண்பர்களையும் நினைத்திருப்பார்கள். 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயரும் அதற்கு இருந்ததே. எனக்குக் கண் கலங்கியது. விமானத்தை நேசித்தவனுக்கு அது புரியும்.

இங்கே அந்த நாள் வரும்போது இரத்மலானை அருங்காட்சியகத்தில் ஒன்றையாவது நிறுத்துவார்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தட்டும். பலகையில் நீளம், சிறகின் அகலம், இயந்திரத்தின் பெயர், சேவைக்கு வந்த ஆண்டு எல்லாம் இருக்கும். அதில் வள்ளிபுனமும் படகுத்துறையும் இருக்குமா? அந்தப் பெயர்கள் இல்லாமல் ஒரு கிபிரின் கதையை எழுதினால், அது என் பழைய கொப்பியின் கதிதான். படம் மிஞ்சியிருக்கும், எங்கே போனது என்ற பக்கம் வெட்டப்பட்டிருக்கும்.

இதை யாழ்ப்பாணத்தானிடம் சொன்னேன். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். நிறுத்து முடித்து, காசை வாங்கிப் போட்டுவிட்டு, "பலகையை ஆர் வாசிக்கிறது? விமானத்துக்குப் பக்கத்தில ஒரு பங்கரையும் வெட்டிவிடச் சொல்லு. ரிக்கற் எடுத்து வாற பிள்ளையள் முதல்ல அதுக்குள்ள இறங்கி நிண்டு, மேல பாக்கட்டும். பிறகு ஏணியில ஏறி ஓட்டுற சீற்றில இருந்து படம் எடுக்கட்டும்" என்றான்.

நல்ல யோசனை என்றேன்.

"நீ நேரா ஏணிக்குத்தானே ஓடுவாய்" என்றான்.

அவன் என்னை முப்பது வருடமாக அறிந்தவன். ஓடத்தான் செய்வேன். ஆனால் அவன் சொன்ன வரிசையில் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதலில் குழி, பிறகு ஏணி. அவனுக்கும் சேர்த்து ரிக்கற் என் கணக்கில். மூக்கின் நீளத்தையும் அங்கேயே அளந்து முடிவு காணலாம்.